விளக்குக் கம்பத்தில் ஒரு தாள்

நியூயார்க்கில் ஒரு தெருவுக்கு ஷூட்டிங் வரப்போகிறது என்பது முதலில் தெரிவது விளக்குக் கம்பங்களுக்குத்தான். கண்ணைப் பறிக்கும் பச்சையிலோ இளஞ்சிவப்பிலோ ஒரு தாளைக் கம்பத்தைச் சுற்றி டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். இன்ன நாள், இத்தனை மணியிலிருந்து இங்கே வண்டி நிறுத்தக் கூடாது, நின்றால் இழுத்துப்போய் வேறு தெருவில் விடப்படும் என்று அதில் இருக்கும். படத்தின் பெயரும், விவரம் கேட்க ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கும். 48 மணி நேரம் முன்பே ஒட்டிவிட வேண்டும் என்பது விதி. வேலைக்கு ஓடுகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று படிப்பார்கள். யார் நடிக்கிறார்கள் என்று ஆசையாக விசாரிப்பவர்கள் உண்டு. வண்டியை இனி எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று தலையில் கை வைப்பவர்களும் உண்டு.

கம்பத்தில் இருக்கும் தாளுக்குத் தானாக எந்த அதிகாரமும் கிடையாது. அதற்கு அதிகாரம் கொடுக்கும் மூலத்தாள் வேறொன்று. மேயரின் திரைப்பட அலுவலகம் தரும் அனுமதிச் சீட்டு அது. படக்காரர்கள் வாயில் 'பெர்மிட்'. எந்தத் தெரு, தெருவின் எந்தப் பக்கம், எத்தனை லாரி, எத்தனை மணி வரை என்று எல்லாம் அதில் இருக்கும். ஷூட்டிங் முடியும்வரை அது செட்டிலேயே இருக்க வேண்டும். யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டும்.

அந்தச் சீட்டின் வாழ்க்கைக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஒரு ஊர் தன் தெருவை யாருக்குக் கொடுக்கிறது, கொடுக்கும்போது எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்பதெல்லாம் அந்த ஒற்றைத் தாளுக்குள் இருக்கிறது. கேட்காமல் விட்டவைதான் அதன் பெருமை என்பது என் கட்சி.

சீட்டு பிறப்பதற்கு முந்தைய காலத்திலிருந்து தொடங்குவோம். 1948ல் வந்த 'தி நேக்கட் சிட்டி' படத்தை ஜூல்ஸ் டாசின் பெரும்பாலும் நியூயார்க் தெருக்களிலேயே எடுத்தார். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் தெருவையே செட்டாகப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒரு வேனுக்குள் கேமராவை மறைத்து, உள்ளிருந்து மட்டும் வெளியே பார்க்க முடிகிற கண்ணாடி வழியாகப் படம்பிடித்தார்கள். கூட்டம் நடிகர்களை மொய்த்துவிடாமல் இருக்க ஒரு உபாயம் செய்தார்கள். தள்ளி ஓரிடத்தில் பந்து வீசி வித்தை காட்டும் ஒருவரை நிறுத்தினார்கள். இன்னொருவர் விளக்குக் கம்பத்தில் ஏறிக் கொடியை ஆட்டித் தேசபக்திப் பேச்சு பேசினார். சனங்கள் அங்கே திரும்பிய நேரத்தில் இங்கே காட்சி முடிந்துவிடும். இன்று தாள் ஒட்டப்படும் கம்பத்துக்கு அன்று இப்படி ஒரு வேலை இருந்திருக்கிறது.

இன்னொருவரையும் இங்கே அறிமுகப்படுத்திவிட வேண்டும், அவர் கதையின் கடைசியில் மறுபடி வருவார். மாரிஸ் எங்கல் என்ற புகைப்படக்காரர். மனைவி ரூத் ஆர்க்கின், நண்பர் ரே ஆஷ்லி ஆகியோரோடு சேர்ந்து 1953ல் 'லிட்டில் ஃப்யுஜிடிவ்' என்ற படத்தை எடுத்தார். அண்ணனைக் கொன்றுவிட்டதாக நம்பி, கோனி ஐலண்ட் கடற்கரைக்கு ஓடிப்போகும் ஏழு வயதுப் பையனின் கதை. கோடைக் கூட்டம் அலைமோதும் அந்தக் கடற்கரையில் நிஜமான சனங்களுக்கு நடுவே எடுக்க வேண்டும். அதற்காகவே, தோளில் வார் போட்டு மாட்டிக்கொள்ளும்படியான சிறிய 35 எம்.எம். கேமரா ஒன்றை ஒரு நண்பரின் துணையோடு உருவாக்கிக்கொண்டார். ட்ராலி இல்லை, முக்காலி இல்லை, பக்கத்தில் நிற்பவருக்குப் படம் எடுக்கிறார்கள் என்றே தெரியாது. அந்தப் படம் வெனிஸில் வெள்ளிச் சிங்கம் வாங்கியது. எங்கல் இப்படி வழி காட்டியிராவிட்டால் பிரெஞ்சுப் புதிய அலை வந்தே இருக்காது என்ற அளவுக்குப் பின்னாளில் அந்த அலையின் இயக்குநர் ட்ருஃபோ பேசினார். ஜான் கசவெட்டிஸின் 'ஷேடோஸ்' படமும் இப்படித் திருட்டுத்தனமாகத் தெருவில் எடுத்ததுதான்.

திருட்டுத்தனம் ஏன்? நேர்வழி அவ்வளவு கடினம். நியூயார்க் தெருவில் முறையாகப் படமெடுக்க ஐம்பது அனுமதிகள் வரை தேவைப்பட்ட காலம் அது. சாலைக்கு ஒரு துறை, பூங்காவுக்கு ஒரு துறை, பாலத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று. எல்லாத் தாளும் கைக்கு வந்த பிறகும் தெருமுனையில் நிற்கும் காவலரைக் 'கவனிக்க' வேண்டியிருந்தது என்று அந்தக் காலத்துப் படக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர் புரொடக்‌ஷன் மேனேஜர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1966 ஜனவரி 1ஆம் தேதி ஜான் லிண்ட்சே மேயராகப் பொறுப்பேற்றார். உயரமான, அழகான, மேடையேறத் தயங்காத மனிதர். பதவியேற்ற அன்றே நகரத்தின் சுரங்க ரயில், பேருந்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, 12 நாள் ஊர் முடங்கியது. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட ஆண்டில்தான் சினிமாவுக்கு ஒரே கதவு என்ற உத்தரவில் அவர் கையெழுத்திட்டார். நிர்வாக உத்தரவு எண் 10. அதன்படி மேயர் அலுவலகத்திலேயே ஒரு தனிப் பிரிவு வந்தது. படக்காரர்கள் அங்கே ஒரே ஒரு சீட்டு வாங்கினால் போதும். காவல் துறையிலும் சினிமாவுக்கென்றே ஒரு தனிக் குழு அமைந்தது. எந்தத் தெருவுக்குப் போனாலும் அந்தக் குழுவின் காவலர்களே வருவார்கள், அதற்குக் கட்டணம் இல்லை. தெருமுனையில் புதிது புதிதாக ஒரு கை நீள்வதற்கு இடமில்லாமல் போயிற்று. இப்படி ஓர் அலுவலகம் திறந்த முதல் நகரம் நாங்களே என்று நியூயார்க் இன்றும் சொல்லிக்கொள்கிறது.

கதவுகள் ஒன்றானது எல்லோரும் பாராட்டும் செய்தி. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, கதையைப் படித்துப் பார்த்து 'இது நகரத்துக்கு இழுக்கு, மாற்று' என்று சொல்லும் பழக்கத்துக்கு லிண்ட்சே இடம் கொடுக்காததுதான். துப்பாக்கி வருகிறதா, வெடி உண்டா, போலீஸ் சீருடையில் நடிகர்கள் தெருவில் நிற்பார்களா என்று கேட்பார்கள், அது பாதுகாப்புக்காக. நகரத்தை நல்லவிதமாகக் காட்டுகிறாயா என்ற கேள்வி கிடையாது. 1921லிருந்து நியூயார்க் மாநிலத்தில் திரைப்படத் தணிக்கை இருந்தது; நீதிமன்றத் தீர்ப்புகளால் வலுவிழந்து 1965ல் அது முடிவுக்கு வந்தது. படத்தைக் காட்டுவதற்கு வாங்கவேண்டியிருந்த சீட்டு செத்த மறு ஆண்டே, படத்தை எடுக்க உதவும் சீட்டு பிறந்திருக்கிறது.

புதிய ஏற்பாட்டின் முதல் பயனாளிகளில் ஒருவர் 27 வயது இளைஞர். பெயர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கப்பல்லோ. 'யூ ஆர் எ பிக் பாய் நவ்' படத்தின் நாயகன், 42ஆவது தெருவிலுள்ள பொது நூலகத்தில் சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு புத்தகம் எடுத்துவரும் பையன். நூலகம் முதலில் கேமராவை உள்ளே விட மறுத்தது. மேயர் தரப்பு பேசிய பிறகு கதவு திறந்தது.

அதன்பின் எழுபதுகள். சீட்டின் இளமைக் காலம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். நகரம் திவாலாகும் விளிம்பில் இருந்தது. குப்பை, கொள்ளை, எரிந்த கட்டடங்கள். அந்த அழுக்கையெல்லாம் அப்படியே படமெடுக்க நகரமே அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது. 'டாக் டே ஆஃப்டர்நூன்' படத்துக்காக சிட்னி லுமெட், ப்ரூக்ளினில் ப்ராஸ்பெக்ட் பார்க் வெஸ்ட் என்ற சாலையில் 17ஆவது, 18ஆவது தெருக்களுக்கு நடுவிலிருந்த துண்டை வாரக்கணக்கில் எடுத்துக்கொண்டார். அதே தெருவிலிருந்த ஒரு கிடங்குக்குள் வங்கியைச் செட் போட்டார். நடிகர் வங்கிக்குள்ளிருந்து நேராகத் தெருவுக்கு வந்து கத்த முடிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். வெளியே கூடியிருந்த கூட்டத்தில் சம்பளம் வாங்கிய துணை நடிகர்களும் இருந்தார்கள், அந்தத் தெருக்காரர்களும் கலந்திருந்தார்கள். அல் பாச்சினோ கத்தும்போது ஆரவாரம் செய்தவர்களில் எவர் எவரென்று பிரிக்க முடியாது. ஒரு தெரு தன்னையே நடித்துக்காட்டிய படம் அது. அந்தச் சீட்டு செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சீட்டு செல்லாத இடங்களும் இருந்தன. சுரங்க ரயில் மேயரின் கையில் இல்லை. அதற்குத் தனி ஆணையம். 1974ல் வந்த 'தி டேக்கிங் ஆஃப் பெல்ஹாம் ஒன் டூ த்ரீ' ஒரு ரயில் கடத்தல் கதை. பார்த்துவிட்டு யாராவது நிஜமாகவே கடத்தினால் என்ன செய்வது என்று ஆணையம் அஞ்சியது. தனி இன்ஷூரன்ஸ் கேட்டது. பெட்டிகளின்மேல் கிறுக்கல் ஓவியம் எதுவும் திரையில் தெரியக் கூடாது என்றது. அந்தக் காலத்து நியூயார்க் ரயிலில் கிறுக்கல் இல்லாத பெட்டியைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. படத்தில் வரும் ரயில்கள் பளிச்சென்று துடைத்த மாதிரி இருக்கும். கதையில் கைவைக்காத அலுவலகம் ஒரு பக்கம், பெட்டியின் நிறம்வரை கைவைத்த ஆணையம் மறுபக்கம்; படத்தைப் பார்க்கும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது.

சீட்டையே பொருட்படுத்தாதவர்களும் உண்டு. 'தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' படத்தில் மேம்பால ரயிலைக் கார் துரத்தும் காட்சியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் பல பகுதிகளை உரிய அனுமதி இல்லாமல், உண்மையான போக்குவரத்துக்கு நடுவே எடுத்ததாக வில்லியம் ஃப்ரீட்கின் பின்னாளில் ஒப்புக்கொண்டார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரின் வண்டி மோதிய காட்சியும் படத்தில் அப்படியே இருக்கிறது. யாரும் சாகாதது அதிர்ஷ்டம். வயதான காலத்தில் அவரே அதற்காக வருத்தப்பட்டார். கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தக் காட்சியைத்தான் நான் போட்டுக்காட்டுவேன்.

1979 கோடையில் சீட்டுக்கு ஒரு சோதனை வந்தது. 'க்ரூஸிங்' என்ற படம், அதே ஃப்ரீட்கின் இயக்கம். தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் விடுதிகளில் கொலைகள் நடப்பதாகக் கதை. படம் எங்களைக் கொலைகாரர்களாகக் காட்டுகிறது, எங்கள்மேல் வன்முறையைத் தூண்டும் என்று கிரீனிச் வில்லேஜில் அந்தச் சமூகத்தினர் கொதித்தெழுந்தார்கள். காவல் துறையின் சோதனைக்கு எதிராக அவர்கள் திரண்ட ஸ்டோன்வால் எழுச்சி நடந்து பத்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே தெருக்களில் ஷூட்டிங். அவர்கள் விசில் ஊதினார்கள், ஹாரன் அடித்தார்கள், மாடிகளிலிருந்து கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி ஷாட்டைக் கெடுத்தார்கள். தெருவில் பதிவான வசனத்தில் பெரும்பகுதி பயன்படாமல் போய் டப்பிங் செய்யவேண்டியதாயிற்று. மேயர் எட் கோச்சிடம் அவர்கள் வைத்த கோரிக்கை ஒன்றுதான்: பெர்மிட்டைத் திரும்பப் பெறு. கோச் மறுத்தார். கதை பிடிக்கவில்லை என்று சீட்டைப் பிடுங்கினால் அது தணிக்கை என்றார்.

போராடியவர்களின் அச்சத்தைச் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். தெருவில் அடிபட்டுக்கொண்டிருந்த மனிதர்கள் அவர்கள். என்றாலும் கோச் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அன்று அந்தப் படத்திடமிருந்து பிடுங்கியிருந்தால், மறுநாள் அந்தச் சமூகமே தன் கதையைப் படமெடுக்க வரும்போது வேறொரு கூட்டம் வந்து பிடுங்கச் சொல்லியிருக்கும். நகரம் போராட்டக்காரர்களையும் ஊதவிட்டது, படக்காரர்களையும் எடுக்கவிட்டது. அடுத்த ஆண்டே தெற்கு ப்ராங்ஸில் 'ஃபோர்ட் அப்பாச்சி' படத்துக்கு எதிராக அங்குள்ள கறுப்பின, போர்ட்டோ ரிக்க மக்கள் திரண்டபோதும் படப்பிடிப்பு நடந்தது.

தொண்ணூறுகளில் சீட்டு இருந்தும் படங்கள் வராமல் போயின. தொழிற்சங்கங்களோடு கூடுதல்நேரச் சம்பளத் தகராறு முற்றி, 1990 கடைசியிலிருந்து 1991 மே வரை பெரிய ஸ்டுடியோக்கள் நியூயார்க்கைப் புறக்கணித்தன. அதற்குள் கனடாவின் டொரான்டோவும் வான்கூவரும் மலிவான டாலரோடு கைநீட்டி அழைத்தன. ஜாக்கி சான் நடித்த 'ரம்பிள் இன் த ப்ராங்ஸ்' வான்கூவரில் எடுத்தது. ப்ராங்ஸில் இல்லவே இல்லாத மலைகள் பின்னணியில் நிற்கும். தெருவைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது, வருகிறவனுக்குக் கட்டுப்படியாகவும் வேண்டும் என்று நகரத்துக்குப் புரிந்தது.

2004ல் மாநில அரசு 10 சதவீத வரிச்சலுகை கொண்டுவந்தது. மறு ஆண்டு நகரம் தன் பங்காக 5 சதவீதத்தைச் சேர்த்து 'மேட் இன் நியூயார்க்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பட்ஜெட் தாளில் நடுவே ஒரு கோடு இருக்கும். நடிகர், இயக்குநர், தயாரிப்பாளர் சம்பளமெல்லாம் கோட்டுக்கு மேலே. தச்சர், எலெக்ட்ரீஷியன், தையற்காரர், ஓட்டுநர், சாப்பாடு, வாடகை எல்லாம் கோட்டுக்குக் கீழே. சலுகை தொடங்கியபோது அது கோட்டுக்குக் கீழிருந்த செலவுக்குத்தான். நட்சத்திரத்தின் கோடிகளுக்கு அரசுப் பணம் போகவில்லை, சுத்தியல் பிடிப்பவரின் கூலிக்குப் போயிற்று. இந்த ஒரு யோசனைக்காகவே அந்தத் திட்டத்தை மதிக்கிறேன். நகரத்தின் பங்கு சில ஆண்டுகளில் நின்றுவிட்டது. மாநிலத்தின் சலுகை 2008ல் 30 சதவீதமாகி, பின்னர் ஆண்டுக்கு 42 கோடி டாலர் என்று நிலைத்து, 2023ல் 70 கோடி டாலர் ஆனது. இவ்வளவு பணத்துக்கு ஊருக்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்ற வாக்குவாதம் பொருளாதார அறிஞர்களுக்கு நடுவே ஓயவில்லை, கேட்கவேண்டிய கேள்விதான்.

2006ல் இன்னொன்றும் செய்தார்கள். வேலையில்லாத, வருமானம் குறைந்த நகரவாசிகளுக்குப் புரொடக்‌ஷன் உதவியாளர் வேலையில் பயிற்சி கொடுத்து செட்டுகளுக்கு அனுப்பும் திட்டம். சினிமாவில் மாமன் மச்சான் இல்லாதவருக்கு உள்ளே நுழைய வேறு கதவு ஏது? வாக்கிடாக்கி பிடிப்பதிலிருந்து கூட்டத்தை மரியாதையாக ஒதுக்குவதுவரை அங்கே பழகிக்கொண்டார்கள். கைவிடப்பட்ட கட்டடங்களுக்கும் வேலை வந்தது. குவீன்ஸில் ரொட்டித் தொழிற்சாலையாக இருந்தது 1983லேயே சில்வர்கப் ஸ்டுடியோவாகியிருந்தது. ப்ரூக்ளினின் பழைய கப்பற்படைக் கப்பல்கட்டும் தளத்தில் 2004ல் ஸ்டைனர் ஸ்டுடியோ திறந்தது. 2006ல் வெளியான 'வேட்டையாடு விளையாடு' படத்துக்காக நம் கமல்ஹாசன் நியூயார்க் தெருக்களில் நடந்துவந்ததும் இந்தக் காலத்தில்தான்.

ஒரே கதவு என்றேனே, அந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை கதவுகள் என்பது 2007 ஜனவரியில் தெரிந்தது. 'ஐ ஆம் லெஜண்ட்' படத்துக்காக ப்ரூக்ளின் பாலத்தில் ஆறு இரவுகள் படப்பிடிப்பு. ஆயிரம் துணை நடிகர்கள், ராணுவ வண்டிகள், ஹெலிகாப்டர். அதற்கு 14 அரசு அமைப்புகள் சம்மதிக்க வேண்டியிருந்தது. பழைய ஐம்பது கதவுகள் முழுக்க மறைந்துவிடவில்லை. அவற்றைத் தட்டிக்கொண்டு நடக்கும் வேலையைப் படக்காரரிடமிருந்து வாங்கி, அலுவலகம் தன் கால்களில் போட்டுக்கொண்டது. ஒற்றைச் சாளரம் என்று நாம் சொல்வதன் நேர்மையான பொருள் இதுதான். சாளரத்துக்கு உட்பக்கம் ஒருவர் நடக்க ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி அந்தச் சீட்டு வழிதவறிய கதை.

மாரிஸ் எங்கல் 2005 மார்ச்சில், 86 வயதில் இறந்தார். இரண்டே மாதம் கழித்து, மே மாதத்தில், மன்ஹாட்டனின் நடுவே மெட்லைஃப் கட்டடத்தருகே ஒருவர் கையில் சிறு கேமராவோடு நின்று டாக்சிகளைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். மும்பையிலிருந்து வந்த ஆவணப்பட இயக்குநர் ராகேஷ் சர்மா. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு டாக்சி ஓட்டுநர்களின் வாழ்க்கை எப்படி ஆனது என்பது அவர் எடுத்துக்கொண்டிருந்த படத்தின் பொருள். காவலர்கள் வந்தார்கள். மணிக்கணக்கில் பிடித்துவைத்து விசாரித்தார்கள். பெர்மிட் இல்லாமல் எப்படி எடுக்கிறாய் என்று கேட்டார்கள். சர்மாவுக்குச் சீட்டுகளோடு இருந்த பகை பழையது. குஜராத் வன்முறை பற்றி அவர் எடுத்த 'ஃபைனல் சொல்யூஷன்' படத்துக்கு 2004ல் இந்தியத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்து, எதிர்ப்புக்குப் பிறகுதான் கொடுத்திருந்தது. ஒரு நாட்டில் காட்டுவதற்குச் சீட்டு கேட்டார்கள், இன்னொரு நாட்டில் பார்ப்பதற்கே சீட்டு கேட்டார்கள்.

நியூயார்க் குடிமைச் சுதந்திரச் சங்கம் அவருக்காக நகரத்தின்மேல் வழக்குப் போட்டது. வழக்கில் வெளிப்பட்ட விஷயம்தான் அதிர்ச்சி. யாருக்குப் பெர்மிட் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று எழுத்தில் ஒரு விதியே இல்லை. நாற்பது ஆண்டுகள் அந்தச் சீட்டு நல்லெண்ணத்திலும் பழக்கத்திலும் ஓடியிருக்கிறது. பெரிய யூனிட்டுகளுக்கு அது வசதி. தனியாளுக்கு, அன்று எதிரே வந்த காவலரின் மனம்தான் விதி. 2007ல் நகரம் சர்மாவோடு சமரசம் செய்து, விதிகளை எழுதுவதாக ஒப்புக்கொண்டது.

எழுதிய முதல் வரைவு இன்னும் மோசம். இரண்டு பேர் ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்குமேல் கேமராவோடு நின்றால் பெர்மிட். ஐந்து பேர் முக்காலி வைத்துப் பத்து நிமிடத்துக்குமேல் நின்றால் பெர்மிட். கூடவே 10 லட்சம் டாலருக்கு இன்ஷூரன்ஸ். மகளின் பிறந்தநாளைப் பூங்காவில் எடுக்கும் குடும்பமும் இதில் மாட்டும். எங்கலும் ரூத் ஆர்க்கினும் கோனி ஐலண்டில் நின்றிருந்தால் அவர்களும்தான். அந்த 2007 கோடையில் புகைப்படக்காரர்கள், மாணவர்கள், சின்னப் படக்காரர்கள் கூடி எதிர்த்தார்கள். ஆயிரக்கணக்கில் கையெழுத்துகள் சேர்ந்தன. நகரம் வரைவைத் திரும்பப் பெற்று, உட்கார்ந்து புதிதாக எழுதியது.

2008ல் நடைமுறைக்கு வந்த விதிகளின் சாரம் எளிமையானது. கையில் பிடிக்கும் கேமராவுக்குப் பெர்மிட் வேண்டாம். முக்காலியும் கையிலிருப்பதாகவே கணக்கு. நடப்பவர்களுக்கு வழி விட்டு எடுத்தால் போதும். எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்ற எண்ணிக்கையே போயிற்று. வண்டி, ஜெனரேட்டர், தண்டவாளம், கிரேன் என்று இறக்கி, 'இந்த இடம் இப்போது எனக்கு மட்டும்' என்று உரிமை கொண்டாடுகிறவர்தான் சீட்டு வாங்க வேண்டும். கேமராவைப் பார்க்காதே, யார் தெருவை அடைக்கிறார்கள் என்று பார். 1966ல் கதையைக் கேட்க மாட்டோம் என்று தொடங்கிய சீட்டு, 42 ஆண்டு கழித்துத் தன் வேலை எது என்பதை எழுத்தில் கண்டுகொண்டது. 2010ல் புதிய படங்களுக்கு 300 டாலர் விண்ணப்பக் கட்டணம் வந்தது. அதுவரை இலவசம்.

தெருவில் குடியிருப்பவர்கள் பக்கமும் போய்வர வேண்டும். வரிச்சலுகையால் டிவி தொடர்கள் பெருகின. படம் ஒரு முறை வந்து போய்விடும். தொடர் வாரம்தோறும் வரும். ப்ரூக்ளினின் பழைய செங்கல் வீட்டுத் தெருக்கள் எல்லோருக்கும் பிடித்துப்போக, சில தெருக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே எப்போதும் லாரி வரிசையையே பார்த்தார்கள். அலுவலகம் அவர்களுக்காக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஷூட்டிங் அளவுமீறிப்போன தெருக்களைக் கொஞ்ச காலம் அந்தப் பட்டியலில் போட்டு, புதிய பெர்மிட் தராமல் ஓய்வு கொடுப்பார்கள். நிலத்தைத் தரிசு போடுவதுபோல.

இரவுக் காவலர்களையும் சொல்லாமல் விட முடியாது. கம்பத்தில் தாள் ஒட்டினால் மட்டும் இடம் காலியாகாது. முந்தின இரவே ஆட்கள் வந்து, ஒரு வண்டி கிளம்பக் கிளம்ப அந்த இடத்தில் ஆரஞ்சுக் கூம்பை வைத்துக்கொண்டே போவார்கள். மழையிலும் பனியிலும் விடியவிடிய காருக்குள் உட்கார்ந்து, இடம் கேட்டுச் சண்டைக்கு வருபவர்களிடம் திட்டு வாங்கி, காலையில் லாரிகள் வந்து நின்றதும் தூங்கப் போவார்கள். திரையில் வரும் அந்தத் தெருவின் வெறுமையை உண்டாக்கியவர்கள் அவர்கள்தான்.

2020 மார்ச்சில் தொற்று பரவி, சீட்டு கொடுப்பதே நின்றது. அந்தக் கோடையில் மெல்லத் திரும்பத் தொடங்கியது. 2023ல் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது கம்பங்கள் மாதக்கணக்கில் வெறுமையாக நின்றன. நடுவே, 2022 ஜனவரியிலிருந்து, செய்தியாளர்களுக்கு அடையாள அட்டை வழங்கும் வேலையும் காவல் துறையிடமிருந்து இந்த அலுவலகத்துக்கு வந்தது. 2020 போராட்டங்களில் செய்தியாளர்களைக் கையாண்ட விதத்தால் காவல் துறைமேல் எழுந்த குறைகளுக்குப் பிறகு, நகர மன்றம் சட்டம் போட்டு மாற்றியது. தெருவில் நின்று பார்ப்பவர்களின் தாள், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் துறையின் கையில் இனி இல்லை.

2008 விதிகளில் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. முக்காலியோடு தனியாக நிற்கும் ஒருவருக்குச் சட்டப்படி எந்தச் சீட்டும் வேண்டாம். ஆனால் தெருமுனையில் வரும் காவலருக்கு அது தெரியாமல் இருக்கலாம். ராகேஷ் சர்மாவுக்கு நடந்தது அதுதான். அதனால், தேவையில்லாதவர்களும் விரும்பினால் ஒரு சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. கோனி ஐலண்டில் இன்று ஒரு பையனைப் பின்தொடர்ந்து கேமராவோடு போகிறவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளாமலும் போகலாம்.